கப்பல் எழுத்துக்குள் நோவா குடும்பமா? சீன எழுத்தும் எபிரேய எழுத்தும்

கேள்விக்குறி:
வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. சீனத்தில் 'கப்பல்' என்ற எழுத்தைப் பிரித்தால் படகு, எட்டு, வாய் என்று மூன்று துண்டு வருமாம். நோவாவின் பேழையில் ஏறியது எட்டுப் பேர், ஆகவே சீனருக்கு வேதாகமத்தின் ஆதியாகமம் முன்பே தெரியும், சீன எழுத்தும் எபிரேய எழுத்தும் ஒரே வேர் என்று முடிக்கிறார்கள். பள்ளியில் படித்ததோ வேறு: சீனம் படம், எபிரேயம் அகரவரிசை, இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எது சரி? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் ஆழமாகவே சொல்லுங்கள்.

ஓட்டுச்சில்லு:
இரண்டுமே சரியில்லை. முதலில் கப்பலை முடித்துவிடுவோம்.

எழுத்தின் இடப்பக்கம் இருப்பது படகு. அதில் சண்டை இல்லை. வலப்பக்கத்தை எட்டு, வாய் என்று இரண்டாக உடைப்பதுதான் தப்பு. அது முழுதாக ஒரே உறுப்பு, ஒலியைக் காட்ட வைத்தது. அதே உறுப்புக்கு இடப்பக்கம் நீரைப் போட்டால் 'ஓரமாக' என்ற சொல் (யென்). உலோகத்தைப் போட்டால் ஈயம் (ச்சியென்). கப்பல் 'ச்சுவான்'. வாட்ஸ்அப் விளக்கத்தை நம்பினால் ஈயக் கட்டிக்குள்ளும் எட்டுப் பேரை ஏற்ற வேண்டியிருக்கும்.

இன்றைய பொதுச் சீனமான மாண்டரினில் ச்சுவான், யென், ச்சியென் என்று மூன்றும் விலகிப் போனதால் உறவு காதில் விழாது. தென்சீனத்தின் கான்டனீஸ் பேசுபவரைச் சொல்லச் சொல்லுங்கள்: ஷ்யூன், யூன், யூன். எதுகை அப்படியே நிற்கிறது.

இன்னொன்றும் அதே கும்பலில் வரும்: பேராசை என்பதற்கு இரண்டு மரம், கீழே ஒரு பெண், ஆகவே ஏவாள் என்பார்கள். இரண்டு மரம் சேர்ந்தால் 'லின்', காடு. பேராசை 'லான்'. அங்கேயும் மரம் ஒலிக்காகத்தான் நிற்கிறது.

இந்த மாதிரி எது வந்தாலும் நான் பார்க்கும் வரிசை இது. ஷூ ஷென் கி.பி. 100 வாக்கில் முடித்த 'சுவோவென் ஜியேசி' அகராதியில் அந்த எழுத்தைத் தேடுங்கள். 9,353 எழுத்து, 540 தலைப்பு. பெரும்பாலான பதிவில் 'இன்ன பொருள் சார்ந்தது, இன்ன ஒலி' என்று சூத்திரம் மாதிரி இருக்கும். கப்பலுக்கு அவர் எழுதியிருப்பது: படகு சார்ந்தது, 'ஈயம்' என்ற எழுத்தின் சுருக்கம் ஒலி. விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் அந்த உறுப்பு வேறு எந்தெந்த எழுத்தில் வருகிறது என்று பட்டியல் எடுத்து, அவை பழைய செய்யுளில் எதுகையாக வருகின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, சீனத்தில் கிடைத்ததிலேயே பழையவையான ஆமை ஓட்டு எழுத்துகளில் அது உண்டா என்று பார்க்க வேண்டும். அங்கே படகுக்கு வருவது 'சோவ்'. 'ச்சுவான்' பிந்தைய சொல்.

போதாதென்று, இன்று சீன நாட்டு அச்சில் அந்த உறுப்பின் மேல்பாதி எட்டு மாதிரி இரண்டாகப் பிரிந்துகூட நிற்காது. மேலே கோடு போட்டு மூடியிருக்கும்.

மைக்கூடு:
எபிரேயப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். எபிரேயமும் படத்தில் தொடங்கியதுதான். வேறு ஊர், வேறு படம்.

சினாய் தீபகற்பத்தில் செராபிட் எல்-காதிம் என்ற இடம், எகிப்தியர் நீலப் பச்சைக்கல் தோண்டிய சுரங்கம். 1905இல் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி அங்கே எகிப்திய எழுத்து போலவும் இல்லாமல் வேறு எது போலவும் இல்லாமல் சில கீறல்களைக் கண்டார். 1916இல் ஆலன் கார்டினர் திரும்பத் திரும்ப வந்த ஒரு குறி வரிசையை 'பஅலத்', அதாவது 'பெருமாட்டி' என்று படித்தார். சுரங்கத்துக்கு மேலேயே ஹாதோர் என்ற எகிப்தியப் பெண்தெய்வத்தின் கோயில் இருந்ததால் அந்த வாசிப்பு பொருந்தியது. வீடு வரைந்தால் வீடு என்று பொருள் இல்லை. வீடு அதைக் கீறியவர்களின் மொழியில் (எபிரேயத்தைப் போல ஒரு செமிட்டிக் மொழி) 'பைத்', அதன் முதல் ஒலி 'ப்', அவ்வளவுதான் அந்தப் படத்தின் வேலை. மாட்டுத் தலை 'அலெப்', தண்ணீர் 'மேம்', கண் 'ஐன்', தலை 'ரேஷ்'. தமிழ் வேதாகமம் வைத்திருப்பவர்கள் 119ஆம் சங்கீதத்தைத் திருப்புங்கள். ஆலெப், பேத் என்று பத்திக்குப் பத்தி தலைப்பு போட்டிருக்கும். அந்த மாடும் வீடும்தான் அவை.

சீனர்களும் 'சொல்லின் ஒலியைக் கடன் வாங்கு' என்ற இதே தந்திரத்தைத்தான் செய்தார்கள். அவர்கள் முழு அசையை வாங்கினார்கள், சினாயில் எழுதியவர்கள் முதல் மெய்யோடு நிறுத்திக்கொண்டார்கள். பழஞ்சீனத்தில் சொல் பெரும்பாலும் ஓரசை, அதனால் ஒரு குறிக்கு ஒரு சொல் சரியாக உட்கார்ந்தது. செமிட்டிக் மொழியில் மெய் நிலைத்து நிற்கும், நடுவே உயிர் மாறிக்கொண்டே இருக்கும். க்-த்-வ் என்ற வேரில் 'காதவ்' எழுதினான், 'கோதேவ்' எழுதுகிறான், 'மிக்தாவ்' கடிதம். மெய்யைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று அந்த மொழியே சொல்லிக்கொடுக்கிறது.

கேள்விக்குறி:
நன்றி சார். அப்படியென்றால் இப்போது இஸ்ரேல் பலகைகளில் பார்க்கும் சதுர எழுத்துதான் மோசே காலத்திலிருந்து வருகிறதா? சீனம் மாறிக்கொண்டே வந்தது, எபிரேயம் மாறவில்லை என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

மைக்கூடு:
தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தையே மாற்றிக்கொண்டது எபிரேயம்தான்.

எருசலேமில் எசேக்கியா அரசன் காலத்து நீர்ச்சுரங்கம் ஒன்று உண்டு, 533 மீட்டர். இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வந்த ஆட்கள் நடுவில் சந்தித்ததை ஆறு வரியில் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். சீலோவாம் கல்வெட்டு என்பார்கள். 1880இல் கிடைத்தது, இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது. மொழி நல்ல எபிரேயம். ஆனால் இன்றைய இஸ்ரேலியரிடம் அதைக் காட்டினால் ஒரு எழுத்து தெரியாது, ஏனென்றால் அது ஃபினீசிய வகைப் பழைய எழுத்து. சொல்லுக்குச் சொல் நடுவே ஒரு புள்ளி வைத்துப் பிரித்திருப்பது கூடுதல் அழகு.

கி.மு. 586இல் எருசலேம் விழுந்து மக்கள் பாபிலோன் போனார்கள். அந்தப் பேரரசிலும், பின்னால் வந்த பாரசீகப் பேரரசிலும் அலுவலக மொழி அரமேயம். வசூல், ஒப்பந்தம், கடிதம் எல்லாம் அரமேய எழுத்தில். சில தலைமுறையில் யூதர்கள் தங்கள் மொழியையும் அதிலேயே எழுதத் தொடங்கினார்கள். இன்று பார்க்கும் சதுர எழுத்து அதன் பிள்ளை. 'அசீரிய எழுத்து' என்றே யூத மரபு அதை அழைக்கிறது, ஒளித்துவைக்கவில்லை.

பழையது உடனே சாகவில்லை. சாக்கடல் குகைகளில் கிடைத்த பழைய எபிரேயச் சுருள்கள் சிலவற்றில் வரி முழுக்கச் சதுர எழுத்து, கடவுளின் பெயர் மட்டும் பழைய எழுத்து. ரோமருக்கு எதிரான கி.பி. 132–135 கலகத்தில் அதன் தலைவர் பார் கோக்பா அடித்த காசிலும் பழைய எழுத்துதான். அது அரசியல், 'எங்கள் பழைய ராஜ்யம்' என்ற அறிவிப்பு. சமாரியர்கள் இன்றுவரை அந்தப் பரம்பரையில் வந்த எழுத்தில்தான் தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) எழுதுகிறார்கள்.

ஓட்டுச்சில்லு:
சீனத்தில் அப்படி ஒரு தாவல் இல்லை. 3,200 வருடத்துக்கும் மேலாக ஒரே கயிறு. ஆனால் கயிற்றின் ஒவ்வொரு இழையும் மாறிவிட்டது.

ஆன்யாங்கில் கிடைத்த, ஷாங் வம்சத்தார் குறி பார்த்த எலும்புகளை எடுங்கள். மன்னர் வூ டிங் காலம், கி.மு. 1250 வாக்கு. ஆமையின் அடி ஓட்டையோ மாட்டின் தோள்பட்டை எலும்பையோ சுத்தம் செய்து தேய்த்து, பின்பக்கம் வரிசையாக நீள்வட்டக் குழி குடைவார்கள். குழிக்குள் சூட்டுக்கோல் வைத்தால் முன்பக்கம் நெடுக்காக ஒரு கீறல், அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளை விடும். 'குறி பார்த்தல்' என்பதற்கான எழுத்தே அந்தக் கீறலின் படம்தான், ஒரு நெட்டுக்கோடு, நடுவிலிருந்து ஒரு சிறு கிளை. கேட்ட கேள்வியை அந்தக் கீறலுக்குப் பக்கத்திலேயே கத்தியால் செதுக்கினார்கள். எலும்பில் கத்தி வளையாது. வட்டச் சூரியன் சதுரமானது அப்படித்தான்.

இன்னொன்று கவனியுங்கள். குதிரை, புலி, பன்றி எல்லாம் அந்த எழுத்தில் பின்னங்காலில் நிற்கிற மாதிரி செங்குத்தாக இருக்கும். மேலிருந்து கீழாக ஒடுக்கமான பத்தியில் எழுதியதால் நீளமான விலங்கைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். மூங்கில் கீற்றில் எழுதிய வழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். 'ஏடு' என்பதற்கு அப்போதே இருக்கும் எழுத்து, கயிறு கோத்த கீற்றுகளின் படம்.

படம் உண்மையிலேயே செத்தது ஹான் காலத்து எழுத்தர் எழுத்தில். வேகமாக எழுத வேண்டிய குமாஸ்தாக்கள் வளைவையெல்லாம் நேர்க்கோடாக்கினார்கள். மரபு வடிவத்தில் குதிரைக்கு அடியில் நாலு புள்ளி, அது கால். மீனுக்கு அடியில் நாலு புள்ளி, அது வால். 'சூடு' என்பதற்கு அடியிலும் நாலு புள்ளி, அது நெருப்பு. மூன்று வெவ்வேறு படம் ஒரே நாலு புள்ளியாகக் குறுகிவிட்டது. இன்றைய வடிவத்தை வைத்துக்கொண்டு 'இதில் இது தெரிகிறது' என்று கதை சொல்பவர்கள் எல்லாரும் சறுக்குவது இந்த இடத்தில்.

திண்ணை:
அதாவது எபிரேயத்தில் சட்டையை மாற்றினார்கள், சீனத்தில் அதே சட்டையைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். சரியா அண்ணே?

ஓட்டுச்சில்லு:
தைத்துத் தைத்து ஒரு கட்டத்தில் துணியே வேறாகிவிட்டது. மற்றபடி சரி.

நாலுமூலை:
ஒரு ஆட்சேபம். எபிரேயத்தில் உயிரெழுத்தே கிடையாது, வாசகன் ஊகிக்க வேண்டும். சீனத்தில் ஒலியே கிடையாது, மனப்பாடம்தான். இரண்டையும் ஒரே தட்டில் எப்படி வைக்கிறீர்கள்?

மைக்கூடு:
இரண்டு வாக்கியமும் பாதி சரி, நண்பரே.

மேலே சொன்ன சீலோவாம் கல்வெட்டில் 'ஈஷ்' (மனிதன்) என்ற சொல்லை அலெப்-ஷின் என்று இரண்டே எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதே இரண்டு எழுத்து 'ஏஷ்' (நெருப்பு) என்றும் படிக்கும். 'யோம்' (நாள்) என்பதை யோத்-மேம் என்று வெட்டியிருக்கிறார்கள், அது 'யாம்' (கடல்) என்றும் படிக்கும். இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். இந்தத் தொல்லையால்தான் யோத், வாவ், ஹே, அலெப் நாலையும் உயிர் காட்டவும் பயன்படுத்தினார்கள். பிந்தைய எழுத்துமுறையில் 'ஈஷ்' நடுவே யோத் வந்துவிட்டது. சாக்கடல் சுருள்களில் இந்த உதவி எழுத்துகள் சில இடத்தில் தாராளமாகவே விழுந்திருக்கும்.

புள்ளி அதற்கும் பின்னால். கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை திபேரியா ஊரில் வேத வாசகத்தைக் காத்த மசோரா அறிஞர்கள், ஒரு எழுத்தையும் தொடாமல், மேலும் கீழும் உள்ளும் புள்ளியும் கோடும் போட்டு உச்சரிப்பைப் பூட்டினார்கள். வசனம் புனிதம், எழுத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது, அதனால் சுற்றிலும் குறி. எபிரேய வேதம் தேதியோடு முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய பிரதி லெனின்கிராட் சுவடி, 1008–09. இப்போதும் செய்தித்தாளில் புள்ளி கிடையாது. குழந்தைப் புத்தகம், கவிதை, வேதம், இவற்றில்தான்.

நமக்கு இது அந்நியமில்லை. ஓலைச்சுவடியில் புள்ளி குத்தாமல், எகர ஏகாரம் பிரிக்காமல் எழுதியதைப் பதிப்பாசிரியர்கள் இடம் பார்த்துத்தான் பிரித்தார்கள். நம் புள்ளி உயிரை எடுக்கிறது, அவர்கள் புள்ளி உயிரைக் கொடுக்கிறது.

ஓட்டுச்சில்லு:
சீனத்தில் ஒலி இல்லை என்பதற்குப் பதில்: இன்றைய எழுத்துகளில் 80 சதவீதத்துக்கு மேல் பொருளுறுப்பு ஒன்று, ஒலியுறுப்பு ஒன்று சேர்ந்தவை. 'மா' (அம்மா) என்பது பெண் + குதிரை. குதிரையும் 'மா', தொனி மட்டும் வேறு. அம்மாவுக்கும் குதிரைக்கும் சம்பந்தமில்லை. ஒலி இருக்கிறது, ஆனால் அது ஒலியுறுப்பைச் சேர்த்த காலத்து ஒலி. பழைய நாணயத்தில் விலை போட்ட சீட்டு மாதிரி.

அகரவரிசையில் சீனத்தை எழுதவே முடியாது என்று அடுத்து யாராவது சொல்வார்கள். கிர்கிஸ்தானிலும் கஸகஸ்தானிலும் வாழும் துங்கான் மக்கள் பேசுவது சீன வகைமொழி. அவர்கள் எழுதுவது சிரிலிக்கில். வழக்கமான எழுத்தில் தொனியைக்கூடக் குறிப்பதில்லை, புள்ளியில்லாத எபிரேயம் மாதிரியே. நாளிதழ் நடந்திருக்கிறது, கவிதை வந்திருக்கிறது.

மைக்கூடு:
மறுபக்கத்துக்கு, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ். அதே எபிரேய எழுத்து, ஆனால் ஜெர்மானிய மொழி, உயிர் இல்லாமல் ஓடாது. ஐன் எழுத்தை 'எ' ஆக்கி, அலெப்பை 'அ', 'ஒ' ஆக்கிவிட்டார்கள். எபிரேயத்திலிருந்து வந்த சொல்லுக்கு மட்டும் பழைய எழுத்துக்கூட்டல். 'எமெஸ்' (உண்மை) என்றால் அலெப்-மேம்-தாவ். சோவியத் அதிகாரிகள் அதையும் விடவில்லை, ஐன்-மேம்-ஐன்-சாமெக் என்று ஒலிப்படி எழுதவைத்தார்கள். மாஸ்கோ நாளிதழின் பெயரே அப்படித்தான் அச்சானது.

நாலுமூலை:
ஒப்புக்கொள்கிறேன். நகலெடுக்கும்போது எது அதிகம் கெடும்? எபிரேயத்தின் 22 எழுத்தா, சீனத்தின் ஆயிரக்கணக்கா?

மைக்கூடு:
22 என்றால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். தாலெத்துக்கும் ரேஷுக்கும் உள்ள வித்தியாசம் வலது மேல் மூலையில் ஒரு சின்னக் குதி. தாலெத்துக்கு மூலை வெளியே நீட்டும், ரேஷுக்கு உருண்டிருக்கும். ஆதியாகமம் 10:4இல் 'தோதானீம்' என்று இருக்கும் மக்கள் 1 நாளாகமம் 1:7இல் 'ரோதானீம்' ஆகிவிட்டார்கள். எழுத்தரின் கண் தவறியதுதான்.

அதனால்தான் தோரா எழுதும் சோஃபருக்கு அத்தனை சட்டம். மை இல்லாத மொக்கை முனையால் தோலில் கோடு கீறி, அந்தக் கோட்டிலிருந்து எழுத்தைத் தொங்கவிட வேண்டும், மேலே உட்காரவைக்கக் கூடாது. ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி வெறுந்தோல் இருக்க வேண்டும், பக்கத்து எழுத்தைத் தொட்டால் செல்லாது. ரேஷ் வர வேண்டிய இடத்தில் தாலெத் எழுதிவிட்டால், குதியை மட்டும் சுரண்டி ரேஷ் ஆக்கக் கூடாது. எழுத்து மை வைத்துப் பிறக்க வேண்டும், சுரண்டிப் பிறக்கக் கூடாது. மாறாக ரேஷில் மை சேர்த்துத் தாலெத் ஆக்கலாம். சந்தேகமான எழுத்தை ஒரு சிறுவனிடம் காட்டிப் படிக்கச் சொல்வார்கள். அதிபுத்திசாலியாகவும் இருக்கக் கூடாது, மந்தமாகவும் இருக்கக் கூடாது. உபாகமம் 6:4இல் 'எஹாத்' (ஒருவர்) என்பதன் கடைசித் தாலெத்தைப் பெரிதாக எழுதுவார்கள். அது ரேஷ் ஆனால் 'அஹேர்', வேறொருவர். அப்புறம் மதமே மாறிவிடும்.

ஓட்டுச்சில்லு:
சீனத்தின் தோதானீம் இதோ. கன்பூசியஸின் சீடர் ஸிஷியா வழியில் ஒருவர் வரலாற்று நூல் படிப்பதைக் கேட்கிறார்: 'சின் நாட்டுப் படை, மூன்று பன்றிகள், ஆற்றைக் கடந்தது.' பன்றிகளா? அறுபது நாள் சுழற்சியில் வரும் 'ஜி-ஹாய்' என்ற நாள்பெயர் அது என்கிறார் ஸிஷியா. 'ஜி' பழைய வடிவில் மூன்று போல இருக்கும், 'ஹாய்' பன்றி போல இருக்கும். விசாரித்தால் அவர் சொன்னதுதான் சரி. ஆயிரக்கணக்கில் எழுத்து இருந்தால் குழப்பம் குறையும் என்பதெல்லாம் இல்லை, ஜோடிகள்தான் கூடும்.

நாலுமூலை:
கணினியிலும் அதே கதை என்பதால் சேர்க்கிறேன். எபிரேயத்துக்கு இறுதி வடிவம் ஐந்தும் சேர்த்து 27 எழுத்து. சீன வகை எழுத்துகள், கணினியில் எழுத்துக்குக் குறியெண் தரும் யூனிகோடில் 97,000த்துக்கும் மேல். தலைவலி இரண்டிலும் உண்டு.

வேதத்தில் 'யெருஷலாயிம்' என்பதைக் கடைசி மேமுக்கு முந்தைய யோத் இல்லாமல் எழுதி, உச்சரிப்புக்காக லாமெத்தின் ('ல்') கீழ் பத்தாஹ், ஹிரிக் என இரண்டு குறி போட்டிருக்கிறார்கள். யூனிகோடு இயல்பாக்கம் (ஒரே சொல்லை எப்போதும் ஒரே வரிசைக்குக் கொண்டுவரும் வேலை) குறிகளை அவற்றுக்குத் தந்திருக்கும் எண் வரிசைப்படி அடுக்கும். ஹிரிக் 14, பத்தாஹ் 17. ஆகவே ஹிரிக் முந்திக்கொண்டு உச்சரிப்பு புரண்டுவிடும். அந்த எண்களை இனி மாற்ற முடியாது என்பது யூனிகோடின் கொள்கை. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத 'கம்பைனிங் கிராஃபீம் ஜாய்னர்' வைத்தால் வரிசை நிற்கும்.

சீனத்தில் 'எலும்பு' எழுத்தின் மேற்பகுதியில் ஒரு குட்டிச் சதுரம் உண்டு. சீன நாட்டில் அது இடப்பக்கம், தைவானிலும் ஜப்பானிலும் வலப்பக்கம். குறியெண் ஒன்றுதான். பக்கத்தில் மொழிக்குறி போடாவிட்டால் கைக்குக் கிடைத்த எழுத்துருவைக் கணினி எடுத்துவிடும், ஜப்பானிய வாசகர் முகம் சுளிப்பார்.

கேள்விக்குறி:
இரண்டு எழுத்தும் நிஜமாகவே சந்தித்த இடம் ஏதாவது உண்டா?

ஓட்டுச்சில்லு:
உண்டு. மேற்குச் சீனத்தில் கோத்தான் பக்கம் தண்டான் ஓலிக் இடிபாட்டில், ஆய்வாளர் ஆரெல் ஸ்டைனின் 1900–01 பயணத்தில் கிடைத்த 8ஆம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்று: மொழி பாரசீகம், எழுத்து எபிரேயம், தாள் சீனம் கண்டுபிடித்த காகிதம், விஷயம் ஆட்டு வியாபாரம்.

அதைவிடப் பெரியது கைஃபெங் என்ற சீன நகரம். அங்கே யூதர் குடியிருப்பு, தொழுகைக்கூடம், சீனத்தில் வெட்டிய கல்வெட்டுகள் எல்லாம் இருந்தன.

மைக்கூடு:
கைஃபெங் தோராச் சுருள் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 94 துண்டு ஆட்டுத்தோல், 239 பத்தி, பத்திக்கு 49 வரி. தோலைத் தைக்க விலங்கு நரம்பு வேண்டும் என்பது சட்டம், அங்கே பட்டுநூல். நம் பக்கமும் ஒரு சந்திப்பு உண்டு, சீனம் இல்லாமல்: கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, 849. உடல் வட்டெழுத்து, சாட்சிக் கையெழுத்துகளில் சில எபிரேய எழுத்து.

திண்ணை:
கைஃபெங் யூதர்களுக்குச் சீனமும் தெரியும், ஆதியாகமமும் தெரியும். கப்பல் எழுத்தைப் பற்றி அவர்கள் என்ன சொன்னார்கள்?

ஓட்டுச்சில்லு:
1489 கல்வெட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர்களுக்கு இருந்த பிரச்சினை வேறு: ஆபிரகாமைச் சீனத்தில் எப்படி எழுதுவது? எந்த எழுத்தை எடுத்தாலும் ஒரு பொருள் கூடவே வரும். 'அ-வு-லுவோ-ஹான்' என்று வெட்டியிருக்கிறார்கள். 'லுவோஹான்' என்றால் சீனத்தில் பௌத்த அருகர். அந்த ஆபிரகாமைப் 'பான்கு ஆதாமின் 19ஆம் தலைமுறை' என்கிறது கல். பான்கு சீனப் புராணத்தில் உலகத்தைப் பிளந்து உண்டாக்கியவர்.